கோட்டைக்குக் கொண்டுபோன சாரம்

முகாமில் தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் வாளியோடு வரிசையில் நின்று வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். இப்போது உங்களில் பாதிப் பேருக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. சிலர் கைக்குழந்தையோடு சந்தையில் எதிர்ப்படுகிறீர்கள். அண்ணாவின் செத்த வீட்டுக்கும் வந்தீர்கள். வந்தவர்களில் ஒருத்தி, குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"அலுமாரிக்குள்ள புதுச் சாரம் இருக்கேக்க, உங்கட அம்மா பெத்த பிள்ளைக்குக் குடுக்க மாட்டன் எண்டவாவாம். உண்மையோடி?"

நான் சீனிப் போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

உண்மைதான். கண்டி வீதியில் டிப்பர் லொறி அடித்து அண்ணா செத்த அன்று, ஆஸ்பத்திரியில் இருந்து மாமா வந்தார். உடம்பைத் தரும்போது இடுப்பில் கட்டிவிடப் புதுச் சாரம் ஒன்று வேண்டும் என்று கேட்டார். நான் அலுமாரியைத் திறந்து, இருந்த ஒரே புதுச் சாரத்தை எடுத்தேன். நிலத்தில் கிடந்த அம்மா எழும்பி வந்து அதைப் பிடித்துக்கொண்டார். "அது அப்பாக்கு. அவர் வந்தா உடுக்க என்ன இருக்கு?" என்றார். வீடு நிறைய ஆட்கள். எல்லோருக்கும் கேட்டது.

ஊர் அதைத்தான் இப்போதும் கதைக்கிறது. கடைக்குப் போனால் கதை நின்றுபோகும், நான் திரும்பியதும் மறுபடி தொடங்கும். அம்மாவை நீங்கள் நல்லவர் என்று நினைக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. எனக்கே அம்மாவில் கோபம் போகவில்லை. ஆனால் அந்தச் சாரம் ஒருதரம் மலைக்கோட்டைக்குப் போய் வந்த சாரம். போன மூன்று பேரில் அண்ணா இப்போது இல்லை. அம்மா அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார். மிச்சம் நான்தான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். முகாமால் வந்து, பரந்தனுக்கு உள்ளே வாய்க்கால் கரையில் இருந்த எங்கள் காணியில் தகரக் கொட்டில் போட்டு இருந்தோம். வீட்டுத்திட்ட வீடு அத்திவாரத்தோடு நின்றது. அந்த அத்திவாரத்துக்குள் மழைத்தண்ணி நிற்கும், நான் அதற்குள் கப்பல் விடுவேன். அப்பா இல்லை. சண்டை முடிந்த நேரம், பேர் பதிய வரச்சொல்லி ஆமி கூப்பிட்ட ஆட்களோடு போனவர். அவரை பஸ்ஸில் ஏற்றியதை அம்மா தன் கண்ணால் கண்டார். பிறகு ஒருவரும் காணவில்லை. உங்களில் கனபேர் வீட்டிலும் இதுதான். நீட்டவில்லை.

அதற்குப் பிறகு அம்மா போன பயணம் எல்லாம் அப்பாவைத் தேடிப் போன பயணம். வவுனியா, கொழும்பு, இன்னும் எனக்குப் பேர் வராத ஊர்கள். ஏதாவது ஒரு தடுப்புமுகாம் படலை வாசலில் நின்றுவிட்டு வருவார். வந்த அன்று சமைக்க மாட்டார். அண்ணாதான் தேங்காய் திருவி, சம்பல் இடித்து, பாணோடு தருவார். உறைப்பு எப்போதும் கூடிப்போகும். "தண்ணியைக் குடிச்சுக் குடிச்சுச் சாப்பிடு, வயிறும் நிரம்பும்" என்பார்.

அண்ணா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, திரும்ப ரயில்பாதை போடுகிற வேலைக்குப் போனார். தண்டவாளத்துக்குக் கீழே கொட்டுகிற சல்லிக்கல்லைச் சவளால் இழுத்து மட்டம் பண்ணுகிற வேலை. பின்னேரம் வரும்போது தலைமயிர், புருவம், கண்ணிமை எல்லாம் தூசியில் வெள்ளையாக இருக்கும். நான் "கிழவர் வாறார்" என்று கத்திக்கொண்டு ஓடுவேன். அவர் குனிந்து, இல்லாத பொல்லை ஊன்றி நடந்து வருவார்.

அங்கே மண் அள்ளுகிற பெக்கோ ஓட்டிய சிங்கள அண்ணை ஒருவர் அவருக்குச் சிநேகிதம். அவருடைய ஊர் மாகோ. அங்கே யாப்பகூவா என்று ஒரு மலை, மலையில் ஒரு ராசா கட்டிய கோட்டை, ஏறுகிற படியில் கல்லுச் சிங்கம். பழைய பத்து ரூபாய்த் தாளில் இருந்த சிங்கம் அதுதான் என்று தாளையே எடுத்துக் காட்டினாராம். பாதை முடிந்து ரயில் ஓடினால் அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா, ஸ்டேசனுக்கு நான் ஓட்டோ கொண்டு வருவேன் என்று சொல்லியிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் மலை எங்கே இருக்கிறது? குளக்கட்டுத்தான் நான் கண்ட உயரமான இடம். நான் அன்றிலிருந்து கோட்டை, கோட்டை என்று பிய்த்தேன். ஆனால் அண்ணா அதை எனக்காக யோசிக்கவில்லை. வாய்க்காலில் குளிக்கும்போது என்னிடம் சொன்னார்.

"அம்மா ஒரு நாளாவது அப்பாவைத் தேடாம ஒரு ஊருக்குப் போய் வரவேணும். சும்மா. இடம் பாக்க, விடுப்புப் பாக்க. விளங்குதோ?"

எனக்கு விளங்கவில்லை. ஓம் என்றேன்.

ரயில் ஓடத் தொடங்கியது. அண்ணா அம்மாவிடம் கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, வாற ஞாயிறு ரயிலில ஒரு இடத்துக்குப் போட்டு வருவம்."

"எங்க?"

"மாகோப் பக்கம். மலையில ஒரு கோட்டை இருக்கு."

"ஆர் சொன்னது?"

"என்னோட வேலை செய்த சிங்கள அண்ணை. அவரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவாராம்."

அம்மா சுளகை நிப்பாட்டினார். "காட்டுவாராமோ?"

"ஓம். உள்ளுக்க எல்லாம் காட்டுவார்."

அம்மா அண்ணாவைக் கனநேரம் பார்த்தார். பிறகு, "சரி தம்பி. நான் ஒண்டும் கேக்கேல்ல. போவம்" என்றார். அண்ணாவுக்கு நம்ப முடியவில்லை. அம்மாவை இணங்க வைக்க ஒரு கிழமை கெஞ்ச வேண்டும் என்று நினைத்திருந்தார். அன்று இரவு எனக்கு ஒரு பாட்டே பாடினார்.

அம்மா ஏன் உடனே ஓம் என்றார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம் அம்மா எனக்குப் பேன் பார்த்துக்கொண்டே காதுக்குள் சொன்னார்.

"நாளைக்கு அப்பாவைக் கண்டாக் கத்தக் கூடாது. ஓடிப்போய்ப் பிடிக்கவும் கூடாது. பேசாம நிக்கவேணும். அண்ணாட்ட இதைப் பற்றி ஒரு சொல்லுக் கேக்காத. அவன் வெளியில சொல்ல ஏலாத விசயம்."

கொஞ்ச நாளுக்கு முதல் அம்மா குறி சொல்கிற மனுசி ஒருத்தியிடம் போயிருந்தார். உங்கள் அம்மாக்களும் அப்போது போனவர்கள்தான். "உன்ர மனுசன் சீவனோட இருக்கிறார். உயரமான இடம். கல்லுக் கட்டடம். வாசலில சிங்கம் நிக்குது" என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஆட்களை மலைகளுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள், தெரிந்த சிங்கள ஆள் இருந்தால் தூரத்தில் நின்று காட்டுவான் என்ற கதை வேறு எல்லா இடமும் திரிந்தது. நேராகச் சொல்லாமல் கதைத்துப் பழகின சனம் நாங்கள். சண்டைக்குப் பிடிப்பார்கள் என்று வீட்டில் ஆரையாவது ஒளித்து வைத்திருந்த காலத்தில், "ஆட்டுக்குக் குழை போட்டாச்சோ?" என்றால் ஒளித்திருக்கிற பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்தாயிற்றா என்றுதான் கேட்பார்கள். ஆகவே மகன் கோட்டை என்றான், காட்டுவார் என்றான், அம்மா மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொண்டார்.

நான் அன்று முழுக்க ஒரு பயத்தோடு இருந்தேன். அப்பாவின் முகம் எனக்கு நினைவில்லை. கல்யாணப் படத்தில் மீசையோடு, முழிசிக்கொண்டு நிற்பவர்தான் எனக்கு அப்பா. அவருடைய பக்கத்தில் நின்றும் எனக்குத் தெரியாமல் போனால்? அம்மா என்னைப் பற்றி என்ன நினைப்பார்? போத்தல் மூடியை வாய்க்குள் வைத்துக்கொண்டு கத்தாமல் இருக்கப் பழகிப் பார்த்தேன்.

சாரத்தை அம்மா பரந்தன் சந்திக் கடையில் வாங்கினார். நீலத்தில் சின்னக் கட்டம் போட்டது. ஒட்டியிருந்த கடதாசிகூடக் கழற்றவில்லை. இரண்டு தலைப்பையும் சேர்த்துத் தைத்த, மூட்டின சாரமும் கடையில் இருந்தது. அம்மா மூட்டாததுதான் எடுத்தார். "மெலிஞ்சு போயிருப்பார். வந்தாப் பிறகு அளவு பாத்து மூட்டலாம்" என்றார், எனக்கு மட்டும் கேட்க. ஒரு சவர்க்காரக் கட்டி, ஒரு துவாய். புட்டும் கீரிமீன் பொரியலும் வாழையிலையில் சுற்றிய பார்சல்கள். அண்ணா பையைத் தூக்கிப் பார்த்தார்.

"எங்கட மூண்டு பேருக்கும் அவருக்கும் நாலு பார்சல் காணும். இந்த அஞ்சாவது ஆருக்கு?"

"வழியில ஆருக்கேன் குடுக்கலாம்."

"அம்மா, ஒரு நாள் பயணம். இடம்பெயர்ந்து போகேல்ல."

அம்மா சிரித்தார். அண்ணாவும் சிரித்தார். இருவரும் வேறு வேறு காரணத்துக்குச் சிரித்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிளிநொச்சியில் ரயில் ஏறினோம். நான் யன்னலோரம். வண்டி ஓட ஓட அண்ணா கீழே கையைக் காட்டி, "இது நான் போட்ட கல்லு" என்றார்.

"எது?"

"அந்தா, அந்த வெள்ளைக் கல்லு. போட்டுது. இப்ப இது. இதுவும் நான்தான்."

பக்கத்தில் இருந்த மனுசி அதை உண்மை என்று நம்பி, "கொஞ்சம் நிரவலாப் போட்டிருக்கலாம் தம்பி, குலுக்குது" என்றார். அண்ணா, "அதில நான் லீவு, அம்மா" என்றார். பெட்டி முழுக்கச் சிரிப்பு. மாங்குளம் வரைக்கும் அண்ணா ஒரு பெரிய மனிதர் மாதிரி இருந்தார். அந்த முகத்தை நான் பிறகு காணவில்லை.

ஓமந்தையில் எதிரே வருகிற ரயிலுக்காக எங்கள் வண்டி நின்றது. பலகையில் ஓமந்தை என்று எழுதியிருந்ததை அம்மா கண்டதும் எழும்பினார். பைகளை எடுத்து எனக்கு ஒன்று தந்தார். கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். உங்களுக்குத் தெரியும், ஓமந்தை என்றால் எங்கள் ஆட்களுக்கு இறங்குகிற இடம். முந்தி, தெருவில் வந்தால், ஆமியின் சோதனைச் சாவடியில் எல்லோரும் பையோடு இறங்கி, வரிசையில் நடந்து, பையைத் திறந்து காட்டி, அந்தப் பக்கம் போய்த்தான் மறுபடி ஏற வேண்டும். அண்ணா அந்த நேரம் அடுத்த பெட்டியில் தெரிந்த ஆளோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா மேடையில் பையைக் காலடியில் வைத்து, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டுவிட்டு அந்த மனுசியும் இறங்கினார். பின்னால் குடையோடு ஒரு ஐயா. பிறகு பிள்ளையைத் தோளில் போட்ட ஒரு அக்கா. ஒருவருக்குப் பின் ஒருவராக, ஒரு சொல்லும் இல்லாமல், வரிசை ஒன்று உண்டாகிவிட்டது. எங்களை ஒருவரும் இறங்கச் சொல்லவில்லை. மேடையில் ஒரு நாயைத் தவிர ஒருவரும் இல்லை.

யன்னலால் பெடியள் சிலர் எட்டிப் பார்த்தார்கள். "என்னெண்டு இறங்கினவையள்?" என்றான் ஒருவன். "செக்கிங்காம். நாய் செய்யுமாம்" என்றான் மற்றவன். கார்ட் கொடியோடு வந்து, "ஏன் இறங்கினது? ஏறுங்க, ஏறுங்க, எடுக்கப் போறது" என்றார். குடை வைத்திருந்த ஐயாதான் முதலில் சிரித்தார். "பழக்கதோசம் தம்பி" என்று கார்டுக்குச் சொன்னார்.

அண்ணா ஓடி வந்தார். முகம் சிவந்து போயிருந்தது. "அம்மா, இப்ப இஞ்ச இறங்கத் தேவையில்லை. ரயிலில வந்தாச் சோதனை இல்லை" என்று மெதுவாகச் சொல்லிப் பைகளை வாங்கினார். ஏறும்போது பெட்டி முழுக்க எங்களைப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது. அம்மாவுக்கு ஒன்றும் சுடவில்லை. அவர் வேறு இடத்தில் இருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அப்பாவைக் காணப் போகிற ஆளுக்கு நாலு பெடியள் சிரித்தால் என்ன?

மாகோ ஸ்டேசனில் அந்த அண்ணை தலையை எண்ணெய் வைத்து வாரி, வெள்ளை சேட்டோடு ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்றார். "அம்மா வாங்க, வாங்க. பயணம் நல்லமா?" என்றார். அம்மா பனங்கிழங்கு ஒடியலும் கருவாடும் சுற்றிய பொட்டலத்தை அவருடைய கையில் வைத்து, கையை விடாமல், "தம்பி, உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்" என்றார்.

"என்ன புண்ணியம் அம்மா. நான் ஓட்டோ மட்டும்தானே."

மலை தூரத்திலேயே தெரிந்தது. காட்டுக்கு மேலே கறுப்பாக, யானை படுத்திருக்கிற மாதிரி. இவ்வளவு பெரிய கல்லு ஒன்று நிலத்தில் இருக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. வாயைப் பிளந்து பார்த்தேன். பிறகு அதற்குள் அப்பா இருக்கிறார் என்ற நினைப்பு வந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

படி செங்குத்து. ஏணியைச் சாத்தி வைத்த மாதிரி. நாரிப்பிடிப்பு என்று குடத்தை இடுப்பில் வைக்காத அம்மா, எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஏறினார். பையை அண்ணாவிடம் கொடுக்க மாட்டார்.

"அம்மா, ஆறுதலாப் போங்கோ. கோட்டை எங்கயும் ஓடாது."

"நேரம் முடிஞ்சா விட மாட்டினம்."

"ஆர் விட மாட்டினம்?" என்று சிரித்தார் அண்ணா.

பாதிக்கு மேலே, படியின் இரண்டு பக்கமும் சிங்கங்கள். கண்ணை உருட்டி, பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தன. அண்ணை பெருமையாக அதன் தலையில் தட்டி, "பத்து ரூபா" என்றார். அம்மா நின்றார். என் கையைப் பிடித்தார்.  கல்லு, உயரம், சிங்கம். மூன்றும் சரி. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். தலைமயிரைக் கையால் ஒதுக்கினார். என் சட்டையை இழுத்துச் சரிசெய்தார்.

மேலே ஒரு கல்லு வாசல். வாசலுக்குப் பின்னால் வீடு இல்லை. கூரை இல்லை. காத்தும், புல்லும், உடைந்த சுவரும். புல்லுக்குள் ஒரு ஆள் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து கத்தியால் புல்வெட்டிக்கொண்டிருந்தார். மெலிந்த முதுகு. முள்ளந்தண்டு தெரிந்தது. மெலிஞ்சு போயிருப்பார் என்று அம்மா சொன்னது எனக்கு நினைவு வந்தது. கத்தக் கூடாது. நான் கத்தவில்லை. ஆனால் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, கேட்டுவிட்டேன்.

"அம்மா, இவரோ?"

அந்த ஆள் திரும்பினார். வெற்றிலை போட்ட வாயால் எங்களைப் பார்த்துச் சிரித்தார். இருபத்தைந்து வயதுகூட இராது.

"ஆர் இவரோ?" என்றார் அண்ணா.

எனக்கு வாய்க்குள் போத்தல் மூடி இருக்கிற மாதிரி இருந்தது. அண்ணா அம்மாவைப் பார்த்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். நேரே அந்தச் சிங்கள அண்ணையிடம் போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்தார்.

"தம்பி, இனிக் காட்டுங்கோ. நான் அழ மாட்டன். பிள்ளையும் சத்தம் போடாது. கிட்டப் போகவும் கேக்கேல்ல. தூரத்தில நிண்டு ஒருக்காப் பாத்தாக் காணும். எந்தப் பக்கம் வைச்சிருக்கினம்?"

அவருக்குத் தமிழ் அவ்வளவு தெரியாது. காட்டுங்கோ என்றது மட்டும் விளங்கிவிட்டது. சந்தோசமாகக் கையை நீட்டினார். "அந்தா, குளம். அங்க வயல். அந்தப் பக்கம் ரயில் வாறது." அம்மா அவர் காட்டிய பக்கமெல்லாம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அதில எந்தக் கட்டடம், தம்பி?" என்றார்.

அவர் அண்ணாவிடம் திரும்பினார். "அம்மா என்ன கேக்கிறது?"

அண்ணா பையைப் பார்த்தார். சாரத்தின் நீலக் கரை வெளியே தெரிந்தது. அந்தக் கூடுதல் பார்சலும் தெரிந்தது. என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். அவருக்குப் பதினெட்டு வயது. ஒரு மனிதர் எவ்வளவு கெதியாக எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ள முடியும் என்று நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

"ஒண்டுமில்லை அண்ணை. கோட்டை நல்ல வடிவாம் எண்டு அம்மா சொல்லுறா."

அண்ணா அதைத் தமிழில்தான் சொன்னார். அம்மாவுக்கும் கேட்டது. அம்மா அந்த அண்ணையின் கைகளை மெல்ல விட்டார்.

"ஓம் தம்பி," என்றார். "நல்ல வடிவு."

சிங்கள அண்ணைக்கு முகமெல்லாம் சிரிப்பு. எங்கள் மூன்று பேரையும் சிங்கத்துக்குப் பக்கத்தில் நிறுத்தித் தன் போனில் படம் எடுத்தார். அந்தப் படம் எங்களிடம் இல்லை. அதில் நாங்கள் எப்படி நின்றோமோ தெரியாது.

இறங்கும்போது மழை பிடித்தது. அண்ணா என்னைத் தூக்கித் தன் சேட்டுக்குள் பொத்திக்கொண்டு இறங்கினார். கீழே குகைக் கோயில் விறாந்தையில் ஒதுங்கினோம். அண்ணா நனைந்து, பல்லுக் கிட்டி நடுங்கினார். அம்மா ஒரு ஓரமாக முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு நின்றார். மகன் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கம். கனநேரத்துக்குப் பிறகு பையைத் திறந்து அந்தச் சாரத்தை எடுத்தார். கடதாசியைக் கிழிக்கப் போனார்.

"இதைச் சுத்து தம்பி. தடிமன் பிடிக்கப் போகுது."

அண்ணா அதை வாங்கினார். கிழியப் போன கடதாசியை விரலால் அழுத்தி ஒட்டினார். மடிப்புக் கலையாமல் பைக்குள் அடியில் வைத்தார்.

"வேண்டாம் அம்மா. அது அப்பாக்கு. அவர் வந்தா உடுக்க என்ன இருக்கு?"

அம்மா அப்போதுதான் அழுதார்.

அந்த வசனம் அம்மாவினுடையது இல்லை. அண்ணாவினுடையது. தன் அம்மா வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று, அப்பா வருவார் என்ற நினைப்பைத் திரும்பக் கொடுத்தார். அம்மா அதை இத்தனை வருசமும் அலுமாரிக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிடும்போது அந்தக் கூடுதல் பார்சலை அம்மா சிங்கள அண்ணைக்கே கொடுத்தார். தன்னுடையதை முடித்துவிட்டு அவர் அதையும் பிரித்தார். "அம்மாட மீன் சரியான ருசி" என்று முள்ளைக்கூட விடாமல் சாப்பிட்டார். அம்மா அவர் சாப்பிட்டு முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் ரயிலில் அண்ணா யன்னலால் பார்க்கவில்லை. எந்தக் கல்லையும் காட்டவில்லை. ஓமந்தை வந்தபோது அம்மாவின் கை பையின் காதைப் பிடித்தது. பிறகு விட்டது.

அதற்குப் பிறகு அண்ணா எங்களை எங்கே கூட்டிக்கொண்டு போனாலும், படலையில் நின்று விளக்கம் சொல்லுவார். "கோயிலுக்குப் போறம். திருவிழாப் பாக்க. வேற ஒண்டுக்கும் இல்லை." "மாமா வீட்ட போறம். பிறந்தநாள் சாப்பாட்டுக்கு. வேற ஒண்டுமில்லை." நானும் அயலும் இதைச் சொல்லிக் காட்டி அவரைப் பகிடி பண்ணினோம். செத்த அன்று காலையிலும், "மாங்குளத்துக்குப் போறன். வேலை விசயம். வேற ஒண்டுமில்லை அம்மா" என்றுதான் மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

அம்மா சாரத்தைத் தராதபோது நான் மாமாவின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் பரந்தன் சந்திக்குப் போனேன். அழுது வீங்கின முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு போனேன். அதே கடைதான். கடைக்காரர் எங்களைத் தெரியாதவர்.

"ஆருக்குத் தங்கச்சி?"

"அண்ணாக்கு."

"மூட்டினதோ, மூட்டாததோ?"

 அவர் இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"இருந்து ஆறுதலா உடுக்கிறதெண்டா மூட்டாதது எடுங்கோ. இப்பவே உடுக்கிறதெண்டா மூட்டினது நல்லது."

"இப்பவே உடுக்கத்தான்," என்றேன்.